மிஷ்ரத்: அறுவைக் கத்தியின் பெயருக்குள் ஒரு ஷரத்து



பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் தென்காசி, மேலகரம், கடையநல்லூர் பக்கம் நம் வீடுகளில் சுன்னத் பேச்சு தொடங்கிவிடும். வாப்பா வளைகுடாவிலிருந்து லீவில் வரும் தேதி ஒரு பக்கம். குற்றாலத்தில் சாரல் தொடங்கும் முன் புண் ஆறிவிட வேண்டும் என்ற உம்மாவின் கணக்கு இன்னொரு பக்கம். ஒஸ்தாவை வீட்டுக்கு வரச்சொல்வதா, டாக்டரிடம் கொண்டு போவதா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைக்கு ஒரே ஒரு கேள்விதான்: "கத்தி வைப்பாங்களா?" எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று சொல்லி நாமும் சமாளித்து விடுவோம்.

அந்தக் கத்திக்குப் பெயர் என்ன என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அரபு மொழியில் அதற்கு மிஷ்ரத் என்று பெயர். கேட்பதற்குப் புதிய சொல்லாகத் தோன்றும். ஆனால் இதே வேரில் பிறந்த வேறொரு சொல்லை நாம் பத்திரத்திலும், மக்தபிலும், பேச்சிலும் அன்றாடம் பயன்படுத்தி வருகிறோம். அந்த உறவைத் தெரிந்துகொண்டால், பிள்ளை மீது கத்தி வைக்கும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும் தாமாகவே தெரிய வரும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

தமிழில் இருந்து தொடங்குவோம்

மேலகரம் சொல்லுக்குப் பேர் போன ஊர். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மண். தென்காசியில் இருந்து குற்றாலம் போகும் வழியில் இருப்பதால், வெளியூர்க்காரர்கள் தங்கிச் செல்லும் சத்திரங்களைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சத்திரம் என்றால் நமக்கு வழிப்போக்கர் தங்கும் இடம்.

ஆனால் இலங்கைத் தமிழ்ச் செய்தித்தாளைத் திறந்தால், "சத்திர சிகிச்சை நிபுணர்" என்று போட்டிருப்பார்கள். முதன்முதலாகப் படிக்கும் நம்மவர்கள் சத்திரத்தில் வைத்துச் செய்யும் வைத்தியமோ என்று திகைப்பதுண்டு. இரண்டும் வேறு வேறு சொற்கள். தங்கும் சத்திரம், 'ஸத்ர' என்ற வடசொல்லில் இருந்து வந்தது. வைத்தியத்தில் வரும் சத்திரம், 'சஸ்த்ர' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். அதற்கு வெட்டும் கருவி, ஆயுதம் என்று பொருள். வெட்டும் கருவியைக் கொண்டு செய்யும் வைத்தியம் என்பதால் அது சத்திர சிகிச்சை. தமிழ்நாட்டில் முன்பு இரண வைத்தியம், ரண சிகிச்சை என்றும் சொன்னார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1867இல் அறுவை மருத்துவ நூல் ஒன்றைத் தமிழில் வெளியிட்டபோது அதற்கு 'இரண வைத்தியம்' என்றே பெயர் வைத்தார்.

இன்று நாம் எழுதுவது அறுவை சிகிச்சை. 'அறு' என்ற வினையில் இருந்து வந்த சொல். அறு என்றால் வெட்டு. இதே 'அறு' இன்னொரு சொல்லிலும் இருக்கிறது: வரையறு. ஒரு கோட்டை வரைந்து, இதுவரைதான் என்று தீர்த்து வைப்பது வரையறை. ஆக, தமிழில் கத்தியின் வேலைக்கும் எல்லை வகுப்பதற்கும் ஒரே வினைதான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு அரபுக்குப் போவோம்.

'மி' என்று தொடங்கும் கருவிகள்

அரபு மொழியில் பெரும்பாலான சொற்கள் மூன்று எழுத்து வேரில் இருந்து பிறப்பவை. அந்த வேரின் முன்னால் 'மி' சேர்ந்தால், அந்த வேலையைச் செய்யும் கருவியின் பெயர் கிடைக்கும். இலக்கணம் படிக்காமலேயே இதற்கு நம்மிடம் நிறைய உதாரணங்கள் உண்டு. பல் தேய்க்கும் குச்சி மிஸ்வாக். நிறுக்கும் தராசு மீஸான். திறக்கும் சாவி மிஃப்தாஹ். வெளிச்சம் தரும் விளக்கு மிஸ்பாஹ். அதை நம் பிள்ளைகளுக்குப் பெயராகவும் வைக்கிறோம்.

மிஷ்ரத்தும் இதே அச்சில் வார்த்த சொல். இதன் வேர் ஷ, ர, த என்ற மூன்று எழுத்துகள். தோலைக் கீறுவதற்கு 'ஷரத்த' என்று வினை. கீறும் கருவி மிஷ்ரத். இன்றும் அரபு நாட்டு மருத்துவமனைகளில் அறுவைக் கத்திக்கு இந்தச் சொல் வழக்கில் உள்ளது. வளைகுடாவில் நர்ஸாகவோ தியேட்டர் உதவியாளராகவோ வேலை பார்க்கும் நம் சகோதர சகோதரிகளுக்குப் பழகிய சொல்தான் இது.

இந்த வேர் நபிமொழியிலும் வருகிறது. மூன்று விஷயங்களில் நிவாரணம் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. தேன் அருந்துவது, ஹிஜாமா செய்பவரின் கீறல், நெருப்பால் சூடு போடுவது ஆகியவையே அந்த மூன்று. சூடு போடுவதைத் தம் சமுதாயத்துக்குத் தடுப்பதாகவும் அதே ஹதீஸில் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அங்கே கீறல் என்பதற்கு வரும் அரபுச் சொல் 'ஷர்தத்'. மிஷ்ரத்துடன் பிறந்த சொல் அது.

ஷர்த்தும் ஷரத்தும்

இப்போது மக்தபை நினைத்துப் பாருங்கள். "தொழுகையின் ஷர்த்துகள் எத்தனை?" என்று ஹஜ்ரத் கேட்பார். உடல் சுத்தம், உடை சுத்தம், இடம் சுத்தம், கிப்லாவை முன்னோக்குதல், நேரம் வருதல் என்று ஒப்பிப்போம். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் "கீழ்க்கண்ட ஷரத்துகளுக்கு உட்பட்டு" என்று எழுதுகிறார்கள். அந்த ஷரத்து நம் மக்தப் ஷர்த்தேதான். நவாபுகள் காலத்து நிர்வாகத்தில் கலந்து, கச்சேரி மொழி வழியாகத் தமிழுக்கு வந்து, மத வேறுபாடில்லாமல் எல்லோரும் கையெழுத்துப் போடும் சொல்லாகி விட்டது.

ஷர்த் என்றால் நிபந்தனை. மிஷ்ரத் என்றால் கீறும் கத்தி. இரண்டுக்கும் ஷ, ர, த என்ற ஒரே வேர். நிபந்தனைக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்?

இதற்குப் பழைய அரபு அகராதி அறிஞர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ஃபாரிஸ் (ரஹ்) அவர்கள், ஒவ்வொரு அரபு வேருக்கும் அடிப்படைப் பொருள் என்ன என்று தேடி ஒரு பெரிய அகராதி எழுதினார்கள். இந்த வேரின் அடிப்படை 'அடையாளம்' என்பது அவர்கள் கண்ட முடிவு. தோலில் போடும் கீறல் ஓர் அடையாளம். ஓர் ஒப்பந்தத்தில் 'இது இருந்தால்தான் அது' என்று வைக்கும் நிபந்தனையும் ஓர் அடையாளம். எங்கே நிற்க வேண்டும் என்று காட்டும் குறி.

இதே வேரில் பிறந்த இன்னும் இரண்டு சொற்களைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். கியாமத் நாளின் அடையாளங்களை உலமாக்கள் 'அஷ்ராத்துஸ் ஸாஅத்' என்பார்கள். குர்ஆனில் 47ஆம் அத்தியாயம், 18ஆம் வசனத்தில் அந்நாளின் அடையாளங்களைக் குறிக்க இந்தச் சொல்தான் வருகிறது. அடுத்தது ஷுர்தா. துபாயிலோ ரியாதிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்; போலீஸ் வண்டியில் அரபியில் எழுதியிருக்கும் பெயர் அது. காவலர்கள் தங்களைப் பிரித்துக் காட்டும் அடையாளத்தை அணிந்திருந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பது அகராதி அறிஞர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

ஆக, கத்தி, நிபந்தனை, கியாமத்தின் அடையாளம், காவல்துறை ஆகிய நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தமிழில் அறுவையும் வரையறையும் 'அறு' என்ற ஒரே வினையில் சேர்ந்திருப்பதைப் போன்றதே இதுவும்.

மிப்ளஃ: வியாபாரிகளுக்கு நெருக்கமான சொல்

அறுவைக் கத்திக்கு அரபியில் மிப்ளஃ என்று இன்னொரு பெயரும் உண்டு. இதில் வரும் 'ள', அரபு எழுத்தான ளாத். ரமளான், ஒளு, களா என்று நாம் தமிழில் 'ள' போட்டு எழுதும் அதே எழுத்துதான்.

இதன் வேருக்குத் துண்டாக வெட்டுதல் என்று பொருள். 'பள்அத்' என்றால் ஒரு துண்டுச் சதை. ஃபாத்திமா (ரலி) அவர்களைத் தம்மில் ஒரு பகுதி என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது பயன்படுத்திய சொல் இதுதான். ஒரு தகப்பன் மகளைப் பற்றிச் சொன்ன மிக உருக்கமான சொல்லும் அறுவைக் கத்தியின் பெயரும் ஒரே வேரில் இருந்து வந்தவை.

யூசுஃப் அத்தியாயத்தை ஓதுபவர்களுக்கு 'பிளாஅத்' என்ற சொல் பழக்கமாக இருக்கும். கிணற்றில் இருந்து யூசுஃப் (அலை) அவர்களை எடுத்தவர்கள், அவர்களை விற்பனைச் சரக்காக மறைத்து வைத்ததைச் சொல்லும் வசனத்தில் இது வருகிறது. செல்வத்தில் இருந்து ஒரு பகுதியை வெட்டி எடுத்து வியாபாரத்துக்கு ஒதுக்குவதால் சரக்குக்கு பிளாஅத் என்று பெயர். ஜவுளி, மளிகை என்று தலைமுறைகளாக வியாபாரம் செய்துவரும் நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் இது.

இந்த மிப்ளஃ என்ற கருவியைப் படம் வரைந்து உலகுக்குக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்). 10ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில், குர்துபா நகரத்துக்கு அருகிலுள்ள மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்தவர். அவர் எழுதிய 'அத்தஸ்ரீஃப்' என்ற மருத்துவக் களஞ்சியத்தில் 30 பகுதிகள் உண்டு. கடைசிப் பகுதி முழுவதும் அறுவை மருத்துவம். ஏறத்தாழ 200 கருவிகளின் படங்கள் அதில் உள்ளன. 12ஆம் நூற்றாண்டில் தொலைதோ நகரில் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்ட் அதை லத்தீனில் மொழிபெயர்த்தார். பிறகு பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவர்கள் அதைப் படித்தே அறுவை கற்றார்கள்.

ஸஹ்ராவி எல்லாவற்றையும் தாமே கண்டுபிடிக்கவில்லை. பவுலஸ் என்ற கிரேக்க மருத்துவரின் நூலில் இருந்து நிறைய எடுத்துக்கொண்டார். அவருக்கு முன்பே நம் இந்தியாவின் சுஸ்ருத ஸம்ஹிதையும் பக்தாதில் அரபிக்குப் போயிருந்தது. கூர்மையான கருவிகள் 20, கூர்மையற்றவை 101 என்று வகைப்படுத்திய நூல் அது. அப்பாஸியர் காலத்தில் யஹ்யா பர்மகியின் ஏற்பாட்டில் மன்கா என்ற இந்திய மருத்துவர் அதை மொழிபெயர்த்த செய்தி, இப்னுந் நதீம் எழுதிய நூற்பட்டியலில் உள்ளது. அறிவு ஒரே ஊரில் பிறந்து ஒரே ஊரில் தங்குவதில்லை.

நம் தலைப்புக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி ஒன்றும் ஸஹ்ராவியின் நூலில் இருக்கிறது. சிறுவர்களின் கத்னாவைப் பற்றி அவர் தனி அத்தியாயம் எழுதியிருக்கிறார். முந்தைய கிரேக்க மருத்துவர்களிடம் இந்த வழக்கம் இல்லாததால், இதில் தாம் சொல்வது சொந்த அனுபவம் என்கிறார். நாவிதர்கள் சவரக்கத்தியால் செய்யும் முறைகளைச் சொல்லிவிட்டு, நூலால் கட்டிக் கத்தரிக்கோலால் செய்வதே தமக்குப் பாதுகாப்பாகப் பட்டது என்கிறார். கத்தரிக்கோலைச் சிறுவன் பார்த்து விடாதபடி மறைத்து வைக்க வேண்டும் என்றும் சொல்கிறார். கட்டிகளைக் கீறும்போது நோயாளி கண்டு மிரளாதபடி விரல்களுக்கு இடையே மறைத்துப் பிடிக்கும் சிறிய கத்திகளையும் வரைந்து காட்டியிருக்கிறார். "கத்தி வைப்பாங்களா?" என்று கேட்கும் பிள்ளையின் பயத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மருத்துவர் கணக்கில் எடுத்திருக்கிறார்.

நஷ்தர், லான்செட், ஸ்கால்பல்

உருது பேசும் நம் சகோதரர்கள் இதே கருவியை நஷ்தர் அல்லது நிஷ்தர் என்பார்கள். இது பாரசீகச் சொல். குளவி, தேளின் கொடுக்கைக் குறிக்கும் 'நீஷ்' என்ற சொல்லுக்கு உறவு. பாகிஸ்தானின் முல்தான் நகரில் உள்ள நிஷ்தர் மருத்துவப் பல்கலைக்கழகம், கத்தியின் பெயரால் அழைக்கப்படுவதாகத் தோன்றும். உண்மையில் அது சர்தார் அப்துர் ரப் நிஷ்தர் என்ற அரசியல் தலைவரின் நினைவாக வைத்த பெயர். அவர் கவிதை எழுதுவதற்காகச் சூட்டிக்கொண்ட புனைபெயர்தான் நிஷ்தர்.

ஆங்கிலத்தில் ஸ்கால்பல் என்பது லத்தீன் சொல். செதுக்கும் சிறு கத்தி என்று பொருள். லான்செட் என்பது பிரெஞ்சு வழியாக வந்தது. குட்டி ஈட்டி என்று பொருள். கொரோனா காலத்தில் செய்திகளில் அடிக்கடி அடிபட்ட 'தி லான்செட்' என்ற மருத்துவ இதழை 1823இல் லண்டனில் தாமஸ் வேக்லி தொடங்கினார். மருத்துவத் துறையின் ஊழல்களைக் கீறித் திறக்கும் இதழ் என்ற எண்ணத்தில் வைத்த பெயர் அது.

செதுக்குவது, குத்துவது, கொட்டுவது என்று ஒவ்வொரு மொழியும் கத்தியின் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு பெயர் வைத்திருக்கிறது. நிபந்தனையோடு வேரைப் பகிர்ந்துகொள்ளும் பெயர் மிஷ்ரத். சொல்லின் வரலாறு மட்டுமே மார்க்கச் சட்டம் ஆகிவிடாது. ஆனால் நம் மார்க்கச் சட்டமும் கத்தியைப் பற்றி அதையேதான் சொல்கிறது.

ஜாமீன் என்பதும் நம் சொல்தான்

வைத்தியம் தெரிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் பார்த்தால், விளைவுக்கு அவரே பொறுப்பு என்ற கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் உள்ளது. பொறுப்பாளி என்பதற்கு அங்கே வரும் சொல் 'ளாமின்'. ரமளான் உருது வழியே ரம்ஜான் ஆனது போல, ளாமின் ஜாமீன் ஆனது. செய்தித்தாளில் "நிபந்தனை ஜாமீன்" என்று தலைப்பு வருகிறதே, அதில் உள்ள ஜாமீன் இதுதான். ஒருவருக்காகப் பொறுப்பேற்பது ஜாமீன்.

இந்த அடிப்படையில் ஃபிக்ஹு அறிஞர்கள் தெளிவான ஷரத்துகளை வகுத்தார்கள். ஹிஜாமா செய்பவர், கத்னா செய்பவர், மருத்துவர் ஆகியோர் மீது இழப்பீட்டுப் பொறுப்பு எப்போது வராது என்பதை ஹன்பலி மத்ஹபின் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் 'அல்முக்னீ'யில் விளக்குகிறார்கள். முதலாவது, அவர் அந்தத் தொழிலில் தேர்ச்சி உள்ளவராக அறியப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, வெட்ட வேண்டிய அளவைத் தாண்டி அவர் கை போயிருக்கக் கூடாது. சிறுவன் என்றால், பொறுப்பாளரின் அனுமதியும் வேண்டும். இவை இருந்தும் அல்லாஹ்வின் நாட்டப்படி ஏதேனும் நேர்ந்தால் அவர் மீது குற்றமில்லை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அவர் ளாமின்.

12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் அஷ்ஷைஸரீ என்பவர், சந்தைகளையும் தொழில்களையும் மேற்பார்வை செய்யும் முஹ்தஸிபுகளுக்காக ஒரு கையேடு எழுதினார். அதில் இரத்தம் குத்தி எடுப்பவர்களுக்கு வைத்திருக்கும் விதிகளைப் படித்தால் வியப்பாக இருக்கும். புதிதாகத் தொழில் கற்பவர் முதலில் பீட்ரூட் இனக் கீரையின் இலையில் ஓடும் நரம்புகளைக் கீறிப் பழக வேண்டும். கை நேராக வரும்வரை மனிதர் மீது கத்தி வைக்கக் கூடாது. வெளிச்சமான இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும். கருவி கூர்மையாக இருக்க வேண்டும். மனம் கலங்கியிருக்கும் நேரத்தில் செய்யக் கூடாது. சிறுவனுக்குச் செய்வதானால் அவன் பொறுப்பாளரின் அனுமதி வேண்டும். இன்றைய மருத்துவக் கல்லூரி பயிற்சி, ஆபரேஷன் தியேட்டர் விளக்கு, சம்மதப் படிவம் ஆகியவற்றின் சாயல் அதில் தெரிகிறது.

ஆபரேஷனுக்கு முன் கையில் கொடுக்கும் படிவத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். அது வெறும் காகிதம் இல்லை. கத்திக்கு நாம் வைக்கும் ஷரத்து. என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து இருக்கிறது, வேறு வழி உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கொடுப்பதுதான் அனுமதி.

ஒஸ்தாவும் நாமும்

கத்தியைப் பற்றிப் பேசும்போது அதைப் பிடித்த கையைப் பற்றியும் பேச வேண்டும். ஒஸ்தா என்பது உஸ்தாத் என்ற சொல்லின் பேச்சு வடிவம். உஸ்தாத் என்றால் ஆசான், தொழிலில் கைதேர்ந்தவர். மருத்துவமனைகள் எட்டாத காலத்தில் நம் ஊர்களில் முடி வெட்டியவர்களும், கட்டியைக் கீறியவர்களும், சுன்னத் செய்தவர்களும் இந்தக் குடும்பத்தினர்தான். நம் பாட்டனார்களின் தலைமுறை அவர்களின் கையால் சுன்னத் ஆன தலைமுறை.

பெயரில் ஆசான் என்ற மரியாதையைக் கொடுத்துவிட்டு, பழக்கத்தில் அவர்களைத் தாழ்த்தி வைத்தோம். அவர்கள் வீட்டில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கியவர்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். இன்றும் இல்லாமல் போகவில்லை. இதற்கு மார்க்கத்தில் ஆதாரம் கிடையாது. நபி (ஸல்) அவர்களுக்கு ஹிஜாமா செய்துவிட்ட அபூதைபா (ரலி) அவர்கள் ஓர் அடிமை. அவருக்கு நபி (ஸல்) அவர்கள் இரண்டு ஸாஉ உணவுப் பொருள் கொடுக்கச் செய்தார்கள். அத்துடன், அவர் எஜமானர்களிடம் பேசி, அவர் செலுத்த வேண்டிய தொகையையும் குறைக்கச் செய்தார்கள். உழைப்புக்குக் கூலியும் மனிதனுக்கு மரியாதையும் சேர்ந்தே கிடைத்தன. ஒஸ்தா என்று கூப்பிடும்போது அந்தச் சொல்லின் பொருள் நமக்கு நினைவு வரட்டும்.

மரியாதை வேறு, மருத்துவத் தேர்ச்சி வேறு என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். பரம்பரைப் பழக்கம் என்பதற்காக மட்டும் யாரிடமும் பிள்ளையை ஒப்படைக்க முடியாது. அதேபோல, வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒப்படைக்கவும் முடியாது. ஷரத்து இருவருக்கும் ஒன்றே.

நம் வீட்டுக்கான ஷரத்துகள்

சுன்னத் செய்வது ஷாஃபி மத்ஹபில் வாஜிப், ஹனஃபி மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத். எந்த மத்ஹபாக இருந்தாலும் பிள்ளையின் உயிரும் உடல்நலமும் அமானிதம். எனவே இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில், செய்பவர் தகுதி பெற்ற மருத்துவரா, இதில் பழக்கம் உள்ளவரா என்று பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். தேர்ச்சியை அறிந்திருப்பது மார்க்கம் வைத்த ஷரத்து.

இரண்டாவது, கத்தி. 1915இல் அமெரிக்காவின் மார்கன் பார்க்கர் என்பவர், கைப்பிடி தனியாகவும் பிளேடு தனியாகவும் உள்ள அறுவைக் கத்திக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகுதான் ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டும் முறை பரவியது. பிளேடு உறையில் இருந்து நம் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே காய்ந்த இரத்தத்தில் 7 நாட்கள் வரை தொற்றும் தன்மையுடன் இருக்கும். பார்வைக்குச் சுத்தமாக இருப்பதும் கிருமி இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. ஒரே நாளில் பல பிள்ளைகளுக்குச் செய்யும் இலவச சுன்னத் முகாம்களில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நல்ல எண்ணத்தோடு முகாம் நடத்தும் ஜமாஅத்தினரும் இளைஞர்களும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கிருமி நீக்கிய கருவிகள் உள்ளனவா என்று முந்தின நாளே சரிபார்த்து விடுவது நல்லது.

மூன்றாவது, குடும்பச் செய்தி. வீட்டில் யாருக்காவது சிறு காயத்துக்கே இரத்தம் நிற்காமல் போகும் நோய் இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். தாய் வழி மாமன்மாரையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஹீமோஃபிலியா என்ற நோய் தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வரக்கூடியது.

நான்காவது, "பிறக்கும்போதே சுன்னத் ஆன பிள்ளை" என்று சிலரை மகிழ்ச்சியோடு சொல்வோம். அவர்களில் சிலருக்குச் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கம் இருக்கும் பிறவிக் குறை இருக்கலாம். அதைச் சரிசெய்யும் அறுவைக்கு முன்தோல் தேவைப்படலாம். எனவே அப்படிப்பட்ட பிள்ளைக்கு மருத்துவர் பார்க்கும் முன் கத்தி வைக்கவே கூடாது.

ஹிஜாமாவுக்கும் இதே கணக்குதான். சுன்னத்தான வைத்தியம் என்ற நன்மையை நாடிப் போகிறோம். போகும் இடத்தில் பிளேடும் கப்பும் புதியவையா, செய்பவர் கையுறை அணிகிறாரா, பயிற்சி பெற்றவரா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் போக வேண்டாம்.

கடைசியாக

இந்த ஆண்டு பிள்ளையின் சுன்னத் பேச்சு வீட்டில் எழும்போது, அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து மிஷ்ரத் என்ற சொல்லைச் சொல்லிக் கொடுங்கள். மிஸ்வாக், மீஸான் போல இதுவும் ஒரு கருவி என்று சொல்லுங்கள். மக்தபில் படித்த ஷர்த்தும் இதுவும் ஒரே வேர் என்று சொல்லுங்கள். பிறகு, "நாங்கள் ஷரத்துகளை எல்லாம் பார்த்துவிட்டோம், பயப்படாதே" என்று சொல்லுங்கள். எறும்புக் கடி என்று சொல்வதைவிட அது அவனுக்குத் தைரியம் தரும். அப்படிச் சொல்வதானால் நாம் உண்மையிலேயே பார்த்திருக்க வேண்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆஃபியத்தையும், மருத்துவர்களின் கைகளில் ஷிஃபாவையும் தந்தருள்வானாக. ஆமீன்.